படமாகாத ஒரு நகைச்சுவை: ‘தி ஏலியன்’ திரைக்கதையும் கிளார்க்கின் வாசிப்பும்

சத்யஜித் ரே 1967 இல் எழுதிய ‘தி ஏலியன்’ திரைக்கதைக்கும் ஸ்பீல்பர்க்கின் ‘ஈ.டி.’ படத்துக்கும் உள்ள ஒற்றுமையை, 1982 இல் கொழும்பிலிருந்து தொலைபேசியில் ரேயிடம் எடுத்துச் சொன்னவர் ஆர்தர் சி. கிளார்க். படைப்பின் வரலாறு முழுவதையும் அந்த வாசிப்பே இன்றுவரை ஆள்கிறது. திரைக்கதை களவு போனதா என்ற ஒரே கேள்வி எஞ்சி, அது எவ்வகைப் படைப்பு என்ற கேள்வி மறைந்துபோயிற்று.

கிளார்க் கண்ட ஒற்றுமைகள் பொய்யல்ல. சிறிய உருவம், தீங்கற்ற இயல்பு, ஒரு சிறுவனோடு உறவு, செடிகொடிகளை உயிர்ப்பிக்கும் ஆற்றல் ஆகியவை இரண்டிலும் உள்ளன. ஆயினும் ‘ஈ.டி.’ கைவிடப்பட்ட ஓர் உயிரின் ஏக்கக் கதை. பெரியவர்கள் துரத்துகிறார்கள், சிறுவர்கள் ஒளித்துவைக்கிறார்கள். ரேயின் வேற்றுலகவாசியை யாரும் கைவிடவில்லை. வங்கக் கிராமத்துக் குளத்தில் இறங்கும் அது, பருவமில்லாக் காலத்தில் நெல்லை விளையவைக்கிறது. சிதையில் கிடக்கும் பிணத்தின் கண்களைத் திறக்கவைக்கிறது. நீருக்கு மேல் தெரியும் விண்கலத்தைக் கோயிலென்று ஊரார் வணங்குகிறார்கள். மார்வாடி வணிகர் பஜோரியா அதற்குச் சலவைக்கல் பதித்துத் தம் பெயரைப் பொறிக்கத் திட்டமிடுகிறார். அந்த வேடத்துக்கு எண்ணப்பட்டவர் பீட்டர் செல்லர்ஸ். கண்ணீர்ப் படத்துக்கான தேர்வன்று இது.

மூலக் கதையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 1962 இல் ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் வெளிவந்த ‘பங்குபாபுவின் நண்பன்’ கதையில் சிறுவனே இல்லை. வேற்றுலகவாசியைச் சந்திப்பவர், நண்பர் கூட்டத்தின் கேலிக்கு ஆளாகிவந்த பள்ளி ஆசிரியர். புளூட்டோவுக்குப் புறப்பட்டு வழிதவறி மூங்கில் தோப்பில் இறங்கிய ஆங் என்னும் அந்த வேற்றுலகவாசி தந்த துணிவால், அவர் அந்தக் கூட்டத்தையே எதிர்த்துப் பேசுகிறார். ஏழைச் சிறுவன் ஹாபா திரைக்கதையில்தான் வருகிறான். ‘ஈ.டி.’ ஒப்பீடு பற்றிக்கொள்வது பின்னால் சேர்ந்த இந்த அடுக்கையே. அடியில் இருப்பது ஊர்ப் பெரிய மனிதர்களை நகைக்கும் கதை.

ஒற்றுமையை மட்டும் கொண்டு கடன் வாங்கியதை நிறுவ முடியாது என்பதற்குப் பிரெஞ்சு அறிபுனை நகைச்சுவை ஒன்று சான்று. ரெனே ஃபாலேயின் 1980 ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, ஜான் ஜிரோ 1981 இல் இயக்கிய ‘லா சூப் ஓ ஷூ’ அது. நாட்டுப்புறத்துக் கிழவர் இருவரிடம் வந்து முட்டைக்கோஸ் சூப்பில் மயங்கும் வேற்றுலகவாசி, அவர்களில் ஒருவருடைய இறந்துபோன மனைவியை இளமையோடு மீட்டுத் தருகிறான். கிராமம், குறும்பு, இறந்தவர்மீது செலுத்தும் ஆற்றல் மூன்றும் இங்கே உள்ளன. அதனால் ஃபாலே ரேயிடமிருந்து எடுத்தார் என்று சொல்லிவிட முடியாது. ‘தி ஏலியன்’ ‘ஈ.டி.’யைவிட இந்தக் குடும்பத்துக்கே நெருக்கமானது.

கொழும்பின் பங்கு இதில் எவ்வளவு? ரே லண்டனில் சொன்ன கதைக்கருவைக் கொழும்பில் தம் கூட்டாளி மைக் வில்சனிடம் சேர்த்தவர் கிளார்க்கே. வில்சன் கல்கத்தா சென்று, திரைக்கதை எழுதி முடியும்வரை ரேயோடு தங்கினார். பின்னர் ஹாலிவுட்டில் கைமாறிய படிகளில் இருவர் பெயரிலும் பதிப்புரிமை குறிக்கப்பட்டிருந்ததை ரே கண்டார். வில்சனின் பங்கு ஒரு சொல்லை மாற்றியதே என்பது 1980 இல் ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் ரே எழுதிய கட்டுரையின் நிலைப்பாடு.

எழுத்தைப் பொறுத்தவரை ரேயின் கூற்றை ஏற்கலாம். ஆனால் வில்சன் திரைத்தொழிலுக்குப் புதியவரல்லர். முதல் வண்ணச் சிங்களப் படமான ‘ரன் முத்து தூவ’வை 1962 இல் உருவாக்கியவர் அவர். ‘தி ஏலியன்’ எழுதப்பட்ட அதே 1967 இல், ஜேம்ஸ் பாண்டை ‘ஜேமிஸ் பண்டா’ ஆக்கிய ‘சொருங்கெத் சொரு’ அவர் இயக்கத்தில் வந்தது. மேலைநாட்டுப் பட வகையொன்றை உள்ளூர்ச் சிரிப்பாக மாற்றும் வேலையில் அவர் அப்போது ஈடுபட்டிருந்தார். செல்லர்ஸை நோக்கித் திட்டம் நகர்ந்ததில் இந்த அனுபவத்துக்குப் பங்கு இருந்திருக்க வேண்டும். இதற்கு நேரடி ஆவணம் இல்லை. காலப் பொருத்தமே ஆதாரம். எனினும் அவரை வெறும் இடைத்தரகராகக் காட்டும் சித்திரத்தை விட்டுவிட அதுவே போதும்.

செல்லர்ஸ் விலகினார். வில்சன் துறவு பூண்டு, சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் கதிர்காமக் கந்தனின் அடியவரானார். கொலம்பியா நிறுவனத்தோடு தொடங்கிய படம் எடுக்கப்படவேயில்லை. திரைக்கதை ‘டிராவெய்ல்ஸ் வித் தி ஏலியன்’ என்ற நூலில் 2018 இல் அச்சேறியது. பஜோரியாவின் சலவைக்கல் திட்டத்தை இப்போது அதன் முழு வடிவில் வாசிக்கலாம்.