ஊசித் துளைகளும் ஒட்டுத் தாள்களும்

பழைய நிலப்படம் ஒன்று கையில் கிடைத்ததும் அது எவ்வளவு சரி என்றுதான் முதலில் கேட்கிறோம். இன்றைய படத்தோடு ஒப்பிட்டு, கடற்கரை எங்கே விலகியது, மலை எங்கே இடம் மாறியது என்று மதிப்பெண் போடுகிறோம். ஜப்பானின் எடோ காலத்து நிலப்படங்களை இப்படிப் படித்தால் பாதி வரலாறு கைநழுவிவிடும். எதை வரைந்தார்கள் என்பதை மை சொல்லும். எப்படி வரைந்தார்கள், எதற்காக விரித்துப் பார்த்தார்கள் என்பதைத் தாள்தான் சொல்லும்.

நில அளவையாளர் இனோ ததாதகாவின் படங்கள் இதற்கு நல்ல சான்று. 1800 முதல் 1816 வரை கரையோரங்களையும் சாலைகளையும் அளந்து திரட்டிய கணக்குகளிலிருந்து பிறந்த படம், அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1821இல் நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகனின் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அதன் பெரிய வரிசை மட்டும் 214 தாள்கள், அளவு 1:36,000. அவருடைய குழு தயாரித்த தாள்களில் சிவப்பு அளவைக் கோட்டைப் பின்தொடர்ந்தால், கோடு திரும்பும் இடங்களில் நுண்ணிய ஊசித் துளைகள் தென்படும். அடியில் வேறு தாள் வைத்து, மேலிருந்து குத்தி, விழுந்த புள்ளிகளை இணைத்துப் படியெடுத்த முறையின் தடம் இது. ஷோகனிடம் போன மூலப்படம் 1873இல் அரண்மனைத் தீயில் அழிந்தது. இனோ குடும்பத்தின் படிகள் 1923 நிலநடுக்கத்தில் அழிந்தன. ஆகவே எஞ்சிய ஒரு படி மூலத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று தீர்மானிக்க, அழகான வண்ணத்தைவிட இந்தத் துளைகளே உதவுகின்றன.

ஷோகன் அரசு மாகாணந்தோறும் வரையச் சொன்ன பெரும்படங்கள் வேறொரு செய்தி சொல்கின்றன. 1644இல் பிறப்பித்த ஆணைக்குப் பிறகு இவற்றின் அளவு 1:21,600 என்று நிலைபெற்றது. நீள்வட்டத்துக்குள் ஊரின் பெயரும் அதன் அரிசி விளைச்சல் மதிப்பும் இருக்கும். பல படங்கள் சில மீட்டர் அகலம்; எழுத்துகள் வெவ்வேறு திசை நோக்கி நிற்கும். தரையில் விரித்துச் சுற்றிலும் இருந்து பார்த்த படம் இது. சுவரில் மாட்ட வரைந்ததல்ல. 1830களில் புதுப்பித்தபோது, பழைய படத்தின் படிகளை மாகாணங்களுக்கு அனுப்பி, மாறிய இடங்களில் மட்டும் தாள் துண்டை ஒட்டித் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். ஒட்டின் விளிம்பைக் கண்டுபிடித்தால், இடைப்பட்ட காலத்தில் நிலத்தில் நேர்ந்த மாற்றம் அங்கேயே கிடைக்கிறது. திருத்தங்களைச் சேர்த்து வரைந்த இறுதிப் படத்தில் அந்த எல்லை தெரியாது.

துல்லியமான புகைப்படம் இருக்கும்போது மூலத்தைத் தொட்டு நலியச் செய்வானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நேர் எதிரே சமமான வெளிச்சத்தில் எடுத்த படம் துளையையும் ஒட்டையும் தட்டையாக்கி மறைத்துவிடும். குறை கேமராவில் இல்லை, வெளிச்சத்தில் இருக்கிறது. பூச்சி அரித்ததும் பிற்காலப் பழுதுபார்ப்பும் ஏமாற்றாதா என்பது இன்னொரு ஐயம். ஏமாற்றலாம். ஆனால் பூச்சி கோட்டைப் பார்த்து அரிப்பதில்லை. ஊசித் துளையோ திருப்பம்தோறும் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். ஒற்றைத் தடயத்தை நம்பாமல், துளையும் கோடும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே முறை.

எனவே நிலப்படங்களை மின்வடிவமாக்கும் நூலகங்கள் முன்பக்கத்தோடு நிறுத்தக் கூடாது. பின்பக்கத்தையும், பக்கவாட்டு வெளிச்சத்திலும் ஊடுருவும் வெளிச்சத்திலும் எடுத்த படங்களையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.