சட்டாம்பிள்ளை முறையும் ஆசிரியர் சுமையும்

ஒரு பள்ளிக்கூடம் செவ்வையாக நடைபெறுகின்றதா என்று அறிய விரும்புவோர், மாணாக்கரை மட்டும் பார்த்தல் போதாது. மாலையில் வீடு திரும்பும் உபாத்தியாயரின் முகத்தையும் பார்த்தல் வேண்டும். பிள்ளைகள் அடங்கியிருக்க, ஆசிரியர் மட்டும் ஓய்ந்து சோர்ந்து போவாராயின், அவ்வடக்கம் அவர் ஒருவர் தோளின்மேல் நிற்பதென்றே கொள்ளவேண்டும். அவர் ஒருநாள் வாராதொழியின் அதுவும் அன்றே ஒழிந்துபோம். நம் சங்கத்தாருள் ஆசிரியத் தொழில் பூண்டோர் பலர். பள்ளிகளையும் மாணவர் விடுதிகளையும் மேற்பார்க்கும் பொறுப்பினை ஏற்றோரும் உளர். ஆதலின், ஆசிரியர் சுமையைக் குறைத்துப் பள்ளியின் ஒழுக்கத்தை உயர்த்த முயன்ற சிலரது சரித்திரத்தை, நம் சென்னப்பட்டணத்தே தொடங்கிச் சீமை வரையிற் சென்ற ஒரு முறையை முன்னிட்டு ஈண்டு ஆராய்வாம்.

பண்டு நம் ஊர்களிலிருந்த திண்ணைப் பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயர் பெரும்பாலும் ஒருவரே. அரிச்சுவடி தொடங்கிய ஐந்து வயதுச் சிறுவன் முதலாக, ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதும் பெரிய பிள்ளை ஈறாக, எல்லாரும் ஓரிடத்தே இருப்பர். பாடமோ அவரவர்க்கு வெவ்வேறு. ஒருவன் எண்சுவடி சொல்வான். ஒருவன் நெல்லிலக்கம் ஒப்பிப்பான். மற்றொருவன் மணலிற் கைவிரலால் அகரம் எழுதுவான். இத்தனை பேர்க்கும் ஒருவரே நேரிற் கற்பித்தல் அரிதாகலின், மூத்த மாணாக்கன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக அமைவான். அவன் முன்னே சொல்ல மற்றையோர் பின்னே சொல்வர். முன்னறிந்ததைப் பிறர்க்குச் சொல்லுந்தோறும் அவனுக்கும் அது நெஞ்சில் உறைத்தது. உபாத்தியாயரோ புதுப்பாடம் தொடங்குதல், பிழை திருத்துதல், பெரிய பிள்ளைகட்கு நூற்பொருள் உரைத்தல் ஆகிய தம் வேலையைக் கவனிக்க அவகாசம் பெற்றார்.

இம்முறை தமிழ்நாட்டுக்கே உரியதென்று நாம் உரிமை பாராட்டுதற்கில்லை. 1623-ஆம் ஆண்டில் இத்தாலிய யாத்திரிகர் பியத்ரோ தெல்லா வாலே என்பார் கன்னட நாட்டிற் பிரயாணஞ் செய்தபோது, ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர் தரையிற் பரப்பிய மணலில் எழுதிக்கொண்டும் இசையோடு சொல்லிக்கொண்டும் கணக்குப் பயில்வதைக் கண்டார். அருகே ஆசிரியர் இல்லை. மறந்தால் யார் திருத்துவார் என்று அவர் வினவ, தாங்களே ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொள்வதாக அவர்கள் விடையிறுத்தனர்.

இனி, 1823-இல் பல்லாரி ஜில்லா கலெக்டராயிருந்த காம்பெல் துரை அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கையில் ஒரு வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது. காலையில் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையிற் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும். அஃது அவனுக்கு மரியாதை. இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி. அவனுக்குப் புகழுமில்லை, இகழுமில்லை. மூன்றாமவனுக்கு மெல்ல ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அதற்கு மேல் வரவர ஏறும். கடைசியில் வருவோன் பாடு இரங்கத்தக்கதே. ஆயினும், ஆசிரியர் வாய் திறவாமலே பிள்ளைகள் விடியலில் எழுந்தோடி வரச்செய்த வழக்கம் இது என்பதை நோக்குக. நன்றாய் நிலைத்த வழக்கம் பள்ளியிற் பாதி வேலையைத் தானே செய்துவிடும். மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் காம்பெல் துரை மிகப் பாராட்டி, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தக்கதே என்றார்.

இவற்றால் திண்ணைப் பள்ளியைக் குறையற்றதாக எண்ணிவிடலாகாது. சட்டாம்பிள்ளைக்குத் தின்பண்டம் கொடுத்து அடிக்குத் தப்பிய கதைகளை நம் வீட்டு முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தண்டனைகளுட் சில இக்காலத்தார் கேட்கவும் கூசுவன. அன்றியும், அத்திண்ணையில் ஏறி உட்காரும் உரிமை எல்லாக் குலத்துப் பிள்ளைகட்கும் இருந்ததில்லை. தாழ்த்தப்பட்டோர் மக்கள் பெரும்பாலும் வெளியே நின்றனர். பெண் குழந்தைகளோ மிகச் சிலரே. பழைமையின் நலத்தைப் பேசுவோர் இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று.

நிற்க. 1753-இல் ஸ்காட்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிற் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் 1787-இற் சென்னைக்கு வந்தார். ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு இந்நாட்டுத் தாய்மாரிடம் பிறந்து, காப்பாரின்றி நின்ற ஆண்பிள்ளைகளுக்கென எழும்பூரில் 1789-இல் ஓர் அநாதசாலை ஏற்பட்டது. பெல் அதன் தலைவரானார். அப்பதவிக்குரிய சம்பளத்தை வேண்டாவென்று விட்டார். வேறு பதவிகளால் அவருக்கு வருவாய் நிறைய இருந்தது என்பதையும் உடன் சொல்லவேண்டும். அப்பிள்ளைகளை மந்த புத்தியினர், பொய்யர், கடைத்தேறாதவர் என்று ஊரார் பலர் முடிவு கட்டியிருந்தனர். அங்கிருந்த உபாத்தியாயர்களும் உற்சாகமற்றவர்களாய், காரியம் இவ்வளவில் நடந்தாற் போதும் என்றிருந்தனர்.

ஒருநாட் காலை பெல் குதிரையேறிச் செல்கையில், ஒரு தமிழ்ப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். (அக்காலத்து ஐரோப்பியர் தமிழரை ‘மலபார்’ என்றே வழங்கினராதலின், அவர் நூலிலும் அது மலபார்ப் பள்ளி என்றே காணப்படும்.) உடனே திரும்பி வந்து, கடைசி வகுப்புக்கு அம்முறையால் எழுத்துக் கற்பிக்குமாறு அவ்வகுப்பாசிரியர்க்குக் கட்டளையிட்டார். அவர் அஃது ஆகாத காரியம் என்றார். பன்முறை சொல்லியும் பயனில்லை. அப்போது பெல், மேல் வகுப்பிலிருந்து ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து அக்கடைசி வகுப்பை அவனிடம் ஒப்புவித்தார். அவன் ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். ஆசிரியர் ஆகாதென்ற காரியம் அவனால் ஆயிற்று.

அதன்பின் முறை படிப்படியாக விரிந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பிள்ளை ஆசிரியனாகவும் மற்றொருவன் துணையாசிரியனாகவும் நியமிக்கப்பட்டனர். வகுப்பினுள்ளும் வல்லவன் ஒருவன் அருகே எளியவன் ஒருவன் இருத்தப்பட்டான். பாடம் சிறிதாயிருக்கும், அது முழுதும் வந்த பின்னரே அடுத்த பாடம். நாடோறும் கற்ற அளவு குறிப்பேட்டிற் பதியப்படும். குற்றஞ் செய்தோர் பெயர் ‘கறுப்புப் புத்தகம்’ என்பதில் எழுதப்பட்டு, வாரந்தோறும் பள்ளி முழுவதும் கூடிய சபையில் வாசிக்கப்படும்; பிள்ளைகளே நடுவர்களாக இருந்து தீர்ப்புக் கூறுவர். பிரம்புக்கு வேலை மிகக் குறைந்தது. கடைத்தேறாதவர் எனப்பட்ட அப்பிள்ளைகளுள் ஒருவனாகிய வில்லியம் ஸ்மித், 1794-இல் திப்பு சுல்தானின் மக்களைத் திருப்பி அனுப்பிய தூதுகோஷ்டியுடன் சென்று, சுல்தான் முன்னிலையில் இயற்கை விஞ்ஞான சோதனைகளைச் செய்து காட்டினான் என்றால், அச்சாலையின் நிலையை ஒருவாறு உணரலாம்.

பெல் செய்ததில் மணலும் சட்டாம்பிள்ளையும் அத்துணை முக்கியமல்ல என்பது எம் கருத்து. தலைவர் நாடோறும் வகுப்புகளினூடே தாமே இருந்தார். எப்பிள்ளை எதில் நிற்கின்றான் என்பது அவருக்குத் தெரியும். நம்பத்தகாதவர் என்று கூறப்பட்டோரை நம்பினார். அந்நம்பிக்கையே அச்சாலையின் ஒழுக்கமாயிற்று. மணலெழுத்தைத் தமிழ்ப் பள்ளியிலிருந்து கொண்டதாக அவர் ஒப்புக்கொண்டார். பிள்ளையைக் கொண்டு பிள்ளைக்குக் கற்பித்தலை மட்டும் தமது கண்டுபிடிப்பென்றே சாதித்தார். மணலைக் கண்ட கண்ணுக்குச் சட்டாம்பிள்ளை தென்படாமற் போனது வியப்பே.

1796-இல் அவர் தாய்நாடு சென்றார். மறு ஆண்டு தம் சோதனையைச் சிறு நூலாக வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில், 1798-இல், ஜோசப் லங்காஸ்டர் என்னும் இளைஞர் லண்டன் மாநகரின் தென்பகுதியில் ஏழைப் பிள்ளைகட்கு ஒரு பள்ளி தொடங்கினார். ஆசிரியர்க்குச் சம்பளங் கொடுக்கப் பணம் இல்லை. ஆகவே அவரும் பிள்ளைகளைக் கொண்டே கற்பித்தார். பெரிய கூடம் ஒன்றில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், சுவரில் தொங்கும் பாட அட்டைகள், சிலேட்டுகள், ஆசிரியர் ஒரே ஒருவர். ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை நடத்தலாம் என்று அவர் கூறியது செல்வர் பலர் செவிக்கு இனித்தது. 1805-இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னரே அவரை அழைத்துப் பேசினார். லங்காஸ்டரைச் சார்ந்தோர் ஒரு சங்கமும், பெல்லைச் சார்ந்த ஆங்கிலத் திருச்சபையார் 1811-இல் மற்றொரு சங்கமும் நிறுவினர். ‘மதராஸ் முறை’ என்னும் பெயர் இங்கிலாந்தெங்கும் பரவியது.

இங்கே ஒரு கணக்கை நினைவிற் கொள்ளல் நலம். 1822-இல் கவர்னர் சர் தாமஸ் மன்றோ உத்தரவிட்டு எடுத்த விவரப்படி, சென்னை இராசதானியில் இருந்த பள்ளிகள் 12,498, மாணாக்கர் 1,88,650. வகுத்துப் பார்ப்பின் ஒரு பள்ளிக்குச் சராசரி 15 பேர். பதினைந்து பேர் உள்ள இடத்திற் சட்டாம்பிள்ளை ஆசிரியர்க்குக் கைத்துணை. ஐந்நூறு பேர் உள்ள இடத்தில் அவனே ஆசிரியர். சொல் ஒன்றே, பொருள் தலைகீழாயிற்று. ஆசிரியர் சுமையை இறக்க வந்த முறை, ஆசிரியரையே இறக்கிவிட்டுச் செலவைச் சுருக்கும் முறையாயிற்று. பத்து வயதுப் பிள்ளை தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கலாம்; தெரியாததைக் கேட்டால் என்செய்வான்? ஆகவே கேள்வி ஒழிந்து ஒப்புவித்தலே நின்றது. லங்காஸ்டர் பள்ளியிற் பிரம்பு இல்லை என்பது உண்மை. ஆனால், குற்றஞ் செய்தோன் கழுத்திற் கட்டையைக் கட்டுதலும், கூடையில் வைத்துக் கூரையிலிருந்து தொங்கவிடுதலும் இருந்தன. கூட்டம் பெருகின் இத்தகைய காட்சித் தண்டனைகள் தாமே தோன்றும். அவர் கடனில் மூழ்கி, தம் நண்பரோடு பிணங்கி, 1818-இல் அமெரிக்கா சென்று, 1838-இல் நியூயார்க்கில் வண்டியடிபட்டு இறந்தார்.

பணஞ் சேமிக்கும் நோக்கமின்றி மாணாக்கரிடம் பொறுப்பை ஒப்புவித்த வேறொருவர் தாமஸ் ஆர்னால்டு. 1828 முதல் 1842-இல் இறக்கும் வரை அவர் ரக்பி பள்ளியின் தலைமையாசிரியர். உச்ச வகுப்பு மாணாக்கர்க்குப் பள்ளியின் ஒழுங்கைக் காக்கும் அதிகாரம் அளித்தார். அவ்வகுப்பைத் தாமே கற்பித்து, தம் எண்ணம் இன்னதென அவர்கள் உள்ளத்திற் பதியவைத்தார். இதனைப் பலரும் அறிவர். அதனினும் சிறந்ததாக எமக்குத் தோன்றுவது, அவர் துணையாசிரியர்களை நடத்திய விதம். அதற்குமுன் அவர்கள் வருவாய் போதாமல் அயற்கோயில்களிற் குருமார் வேலையும் பார்த்து வந்தனர். ஆர்னால்டு ஊதியத்தை உயர்த்தி, மாணவர் விடுதிகளை அவர்கள் பொறுப்பில் விட்டு, அவ்விரட்டை வேலையை நிறுத்தினார். மூன்று வாரத்திற்கொருமுறை ஆசிரியர் எல்லாரையும் கூட்டி, பள்ளிக் காரியங்களை அவர்களோடு ஆலோசித்தார். எவரும் தம் கருத்தை அஞ்சாது கூறலாம். பெரிய பிள்ளைகள் சிறியோரை ஏவல் கொள்ளும் பழைய வழக்கத்தை அவர் ஒழித்தாரல்லர். அதனால் நேர்ந்த கொடுமைகளை, அங்கே பயின்ற தாமஸ் ஹியூஸ் தமது 1857-ஆம் ஆண்டுக் கதையில் எழுதியுள்ளார்.

1846-இல் இங்கிலாந்து அரசாங்கத்தார், கே ஷட்டில்வர்த் என்பாரின் ஏற்பாட்டின்படி, சிறுவராகிய சட்டாம்பிள்ளைகளுக்கு மாற்றாக 13 வயது நிரம்பிய மாணவ ஆசிரியரை நியமித்தனர். ஐந்தாண்டுப் பயிற்சி, அரசாங்கத்தின் உதவித்தொகை, 25 பிள்ளைகட்கு ஒருவர். தலைமையாசிரியர் பள்ளி நேரம் நீங்கலாக நாடோறும் ஒன்றரை மணி நேரம் அவர்கட்குப் பாடஞ் சொல்லவேண்டும். அவ்வுழைப்புக்கென அவருக்குத் தனி ஊதியமும் உண்டு. கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலி என்னும் எளிய நியாயம் சட்டத்தில் ஏறியது.

அந்நியாயம் பதினாறு ஆண்டே நிலைத்தது. 1862-இல் ராபர்ட் லோ என்னும் மந்திரி கொணர்ந்த புதிய விதியின்படி, பள்ளியின் மானியத்திற் பெரும்பகுதி பரீட்சைத் தேர்ச்சியையே பற்றியதாயிற்று. ஒரு பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேறினால் எட்டு ஷில்லிங். ஒவ்வொன்றில் தவறும்போதும் இரண்டு ஷில்லிங் எட்டுப் பென்னி குறையும். உபாத்தியாயரின் ஜீவனம் பரிசோதகர் வரும் அந்த ஒரு நாளிற் போய் நின்றது. வாசிப்புப் புத்தகத்தைப் பிள்ளைகள் நெட்டுருச் செய்தனர். ஆர்னால்டின் மகனும் பள்ளிப் பரிசோதகருமாகிய மாத்யூ ஆர்னால்டு, பள்ளிகளின் உயிரை இது உலர்த்திவிட்டதென ஆண்டுதோறும் முறையிட்டார். அவர் 1886-இல் வேலையினின்று நீங்கி 1888-இல் இறந்தார். விதி முற்றும் நீங்கியதோ 1890-களில்.

பெல் 1832-இல் இறந்தபோது கல்வித் தருமங்கட்கு விட்டுச்சென்ற பொருள் ஏறக்குறைய 1,20,000 பவுன். அதன் ஒரு பகுதியால் அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833-இல் ஒரு பள்ளி திறக்கப்பட்டது. எழும்பூரிற் செய்த சோதனையை நினைந்து அதற்கிட்ட பெயர் ‘மதராஸ் காலேஜ்’. நம் நகரம் 1996-இல் அப்பெயரை விட்டுச் சென்னையாயிற்று. ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் இன்றும் மதராஸுக்கே படிக்கச் செல்கின்றனர்.