வைடூரியம் விளையும் கரமனை ஆற்றுப் படுகை: நவரத்தின மாலைகளின் நம்பிக்கையும் உண்மையும்

திருவனந்தபுரம்: அகத்தியமலைத் தொடரில் தோன்றி, திருவனந்தபுரத்தின் கரமனைப் பகுதியைக் கடந்து, கோவளம் அருகே அரபிக்கடலில் கலக்கிறது கரமனை ஆறு. தலைநகரின் குடிநீர் ஆதாரமாக அறியப்படும் இந்த ஆற்றின் பழைய சரளைப் படிவுகள் விலைமதிப்புமிக்க கற்களுக்கும் பெயர் பெற்றவை. நவரத்தினங்களுள் ஒன்றான வைடூரியம் இங்குக் கிடைக்கிறது.

கண் போல் ஒளிரும் கல்

தென்கேரளத்தின் பழம்பாறைகள் சிதைந்தபோது, அவற்றிலிருந்த கிரைசோபெரில் என்னும் கனிமம் நீரோட்டத்தால் அடித்து வரப்பட்டு ஆற்றுப் படுகைகளில் தங்கியது. கடினத்தன்மையில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9 என்றால், இது 8.5 ஆகும். இதனுள் நுண்ணிழைகள் இணையாக அமைந்திருந்தால், குமிழ் வடிவில் மெருகிடும்போது பூனையின் கண்போல ஒளிக்கோடு ஒன்று நகர்ந்து மின்னும். அதுவே வைடூரியம். இக்கனிமத்தின் மற்றொரு வகையான அலெக்சாண்டிரைட், பகலொளியில் பச்சையாகவும் விளக்கொளியில் சிவப்பாகவும் தோன்றும்.

ஒன்பது கற்கள், ஒன்பது கோள்கள்

சோதிட மரபில் மாணிக்கம் சூரியனுக்கும், முத்து சந்திரனுக்கும், பவளம் செவ்வாய்க்கும், மரகதம் புதனுக்கும், புஷ்பராகம் குருவுக்கும், வைரம் சுக்கிரனுக்கும், நீலம் சனிக்கும், கோமேதகம் ராகுவுக்கும், வைடூரியம் கேதுவுக்கும் உரியவை. நவரத்தினப் பதக்கங்களில் மாணிக்கம் நடுவில் பதிக்கப்படுவது இதனாலேயே. முத்து மன அமைதி தரும், வைடூரியம் மறைமுகப் பகையையும் எதிர்பாராத விபத்தையும் விலக்கும் என்பது நம்பிக்கை. நீலத்தைச் சில நாள் சோதித்துப் பார்த்த பின்னரே அணியும் வழக்கமும் உண்டு. இப்பலன்களுக்கு அறிவியல் சான்று இல்லை.

இலக்கியத்திலும் இக்கற்களுக்கு இடமுண்டு. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடைகளை விவரிக்கிறது. திருவிளையாடற் புராணத்தின் மாணிக்கம் விற்ற படலம், வலன் என்னும் அசுரனின் உடலிலிருந்து மணிகள் தோன்றியதாகக் கூறுகிறது.

பதக்கமும் மாலையும்

கேரளத்தின் பாலக்கா மாலையிலும் நாகபடத் தாலியிலும் பச்சைக் கல் அல்லது பச்சைக் கண்ணாடி பதிக்கப்படுகிறது. 1956 வரை திருவிதாங்கூருடன் இணைந்திருந்த நாகர்கோவிலின் வடசேரியில், செந்நிறக் கெம்புக் கற்கள் பதித்த கோயில் நகைகள் உருவாகின்றன. இவை புவிசார் குறியீடு பெற்றவை. 2011-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறை திறக்கப்பட்டபோது, மணிகள் பதித்த அணிகலன்கள் வெளிப்பட்டு உலகின் கவனத்தை ஈர்த்தன.

வாங்குவோர் கவனத்திற்கு

நம்பிக்கையின் பேரில் பெருந்தொகை செலவிடப்படுவதால் ஏமாற்றத்திற்கும் வாய்ப்பு மிகுதி. பிரான்சின் ஆகஸ்ட் வெர்னாய் 1902-இல் செயற்கை மாணிக்க உருவாக்க முறையை அறிவித்தார். அவ்வகைக் கற்கள் வேதி அமைப்பில் இயற்கை மாணிக்கத்தை ஒத்தவை என்பதால், வெறுங்கண்ணால் வேறுபடுத்துவது கடினம். வைடூரியம் என்ற பெயரில் பூனைக்கண் குவார்ட்சும் கண்ணாடி இழைக் கற்களும் விற்கப்படுகின்றன. ஒரே அளவுடைய குவார்ட்சைவிட உண்மையான வைடூரியம் கனமானது. ஒளிக்கோடு சிறிதும் குறையின்றி இருந்து, பக்கவாட்டில் தேன்கூடு போன்ற அமைப்புத் தெரிந்தால் அது கண்ணாடியாக இருக்கக்கூடும். இயற்கைக் கல்லா, செயற்கையா, வெப்பமூட்டி மெருகேற்றப்பட்டதா என்பதைத் தெளிவாகக் குறிப்பிடும் ஆய்வகச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் நலம்.

பராமரிப்பிலும் கவனம் தேவை. முத்தும் பவளமும் மென்மையானவை. வியர்வையும் வாசனைத் திரவியமும் அவற்றின் பொலிவைக் கெடுக்கும். வைர நகையுடன் சேர்த்து வைத்தால் கீறல் விழும். விரிசல்களை மறைக்க எண்ணெய் ஊட்டப்பட்ட மரகதத்தை வெந்நீரில் கழுவுதல் கூடாது.

ஆற்றுக்கு நேரும் இழப்பு

இக்கற்களுக்கான தேவை நிலத்தையும் பாதிக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாலோடு வனப்பகுதியில் இரத்தினக் கற்களுக்காகச் சட்டவிரோதமாகக் குழி தோண்டப்பட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. கரையும் காடும் இவ்வாறு தோண்டப்படும்போது மண் சரிந்து ஆற்றில் சேறு படிகிறது. எனவே, கல்லின் தரத்தோடு அது முறையான வழியில் எடுக்கப்பட்டதா என்பதையும் வாங்குவோர் கேட்டறிவது அவசியமாகிறது.