மைசூரு மண்டலக் கல்வி நிறுவனமும் பள்ளிக்கூடங்களும்

ஆசிரியர்களை உருவாக்குவதற்காக 1963-இல் நடுவண் அரசு நாட்டின் நான்கு திசைகளில் நான்கு கல்லூரிகளைத் தொடங்கியது. அவற்றுள் தென்னகத்துக்கு உரியதுதான் இன்றைய மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம். என்.சி.இ.ஆர்.டி. என்று அறியப்படும் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுமத்தின் உறுப்பாக இயங்கும் இந்நிறுவனத்தின் மாணவர்களுக்குப் பட்டம் வழங்குவது மைசூர்ப் பல்கலைக்கழகம். கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களும் புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய ஒன்றியப் பகுதிகளும் இதன் பொறுப்பில் உள்ளன. ஒரு கல்வியியல் கல்லூரிக்கும் பொதுப் பள்ளிகளுக்கும் இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு, அறுபது ஆண்டுகளுக்கு மேலான அனுபவம் கொண்ட இந்நிறுவனம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் வெற்றிகளைப் போலவே அதன் முட்டுக்கட்டைகளும் பாடமாக உள்ளன.

தோற்றம்

இதன் தொடக்கக் கதையில் ஒரு தமிழர் இருக்கிறார். 1952-இல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அன்றைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். அடுத்த ஆண்டு வெளிவந்த அறிக்கை, எல்லாப் பிள்ளைகளையும் ஏட்டுப்படிப்பு என்ற ஒற்றைத் தடத்தில் ஓட்டக்கூடாது என்றது; தொழில்நுட்பம், வணிகம், வேளாண்மை, மனையியல் எனப் பல பிரிவுகள் கொண்ட பல்நோக்குப் பள்ளிகள் வேண்டும் என்றது. பள்ளிகள் திறக்கப்பட்டன. பாடம் நடத்தத்தான் ஆள் கிடைக்கவில்லை. பட்டறை வேலையும் தெரிந்து, அதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவும் தெரிந்தவரை அந்நாளைய ஓராண்டு பி.டி. படிப்பால் தர முடியவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே அஜ்மீர், போபால், புவனேசுவரம், மைசூரு ஆகிய ஊர்களில் மண்டலக் கல்லூரிகள் எழுந்தன. அமெரிக்க உதவித் திட்டத்தின்கீழ் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் கல்வியாளர்கள் ஆலோசகர்களாக வந்தார்கள்.

மைசூரில் கல்லூரிக்கு அமைந்த இடம் மானசகங்கோத்ரி. கவிஞர் குவெம்பு துணைவேந்தராக இருந்தபோது சூட்டிய பெயர் அது. பல்கலைக்கழகத்தின் துறைகளுக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் கல்லூரியும் இருந்தது சிறிய செய்தி அன்று. ஆசிரியர் பயிற்சி மூன்று வகையில் தனித்துக் கிடக்கிறது என்று 1964–66 கோத்தாரிக் கல்விக் குழு சுட்டிக்காட்டியது: பல்கலைக்கழகத்திலிருந்து, பள்ளிகளிலிருந்து, பிற பயிற்சி நிறுவனங்களிலிருந்து. மைசூரில் முதல் தனிமை இருப்பிடத்தாலேயே பாதி நீங்கியது. இரண்டாவதை நீக்குவதுதான் இன்றுவரை நீளும் வேலை.

பல்நோக்குப் பள்ளிகள் சில ஆண்டுகளிலேயே மங்கின. அவற்றுக்காகப் பிறந்த நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டப்படிப்பு மட்டும் நிலைத்தது. பள்ளிப் படிப்பை முடித்தவுடன் சேரும் மாணவர் இயற்பியலையும் அதைக் கற்பிக்கும் முறையையும் ஒருசேரப் பயில்வது அதன் சாரம். பின்னர் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகியவற்றில் எம்.எஸ்சி.எட். படிப்பும் வந்தது; மைசூரு நிறுவனத்துக்குத் தனிப்பெயர் தந்தது அதுதான்.

வளாகத்துக்குள் ஒரு பள்ளி

நிறுவனத்தின் வளாகத்திலேயே ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு பள்ளி நடக்கிறது. டெமான்ஸ்ட்ரேஷன் மல்டிபர்ப்பஸ் ஸ்கூல் என்பது அதன் முழுப்பெயர். ஊரார் வாயில் டி.எம்.எஸ். முதலியார் குழுவின் ‘பல்நோக்கு’ என்ற சொல் இன்னும் உயிரோடிருக்கும் அரிய இடங்களுள் ஒன்று இது. பயிற்சி மாணவர்கள் முதன்முதலாக ஒரு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, அனுபவமுள்ள ஆசிரியர் பாடம் நடத்துவதைக் கவனிப்பதும், புதிய கற்பித்தல் முறைகளைச் சோதித்துப் பார்ப்பதும் இங்கேதான்.

பயிற்சிக் கல்லூரியோடு பள்ளியை ஒட்டவைப்பது பழைய வழக்கம். 1856-இல் தொடங்கிய சென்னை ஆசிரியர் கல்லூரி, இன்று சைதாப்பேட்டையில் இருப்பது, தன்னுடன் ஒரு மாதிரிப் பள்ளியைச் சேர்த்தே வளர்ந்தது. 1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி நடத்தத் தொடங்கிய சோதனைப் பள்ளி உலகப் புகழ் பெற்றது. ஆனால் மாதிரிப் பள்ளியால் மட்டும் ஆசிரியர் உருவாகிவிட மாட்டார். ஆய்வகமும் நூலகமும், பாடத்துக்கு ஓர் ஆசிரியரும், படித்த பெற்றோரும் வாய்த்த வகுப்பில் நன்றாகப் போகும் பாடம், மாவட்டத்தின் சிற்றூர்ச் சர்க்காரி சாலெயில் அப்படியே எடுபடாது. கன்னடத்தில் சர்க்காரி சாலெ என்றால் அரசுப் பள்ளி. அங்கே இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்க்கிறார்கள். ஒரே அறையில் இரண்டாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருக்கும். வளாகப் பள்ளியிலேயே பயிற்சி முடிந்துவிட்டால், பணி நியமனம் பெறும் முதல் நாளில் அந்த இளைஞர் நீச்சல் தெரியாமல் கிணற்றில் இறங்கியவர் போலத் தவிப்பார்.

இன்டர்ன்ஷிப்

ஆகவேதான் மண்டலக் கல்லூரிகள் தொடக்க ஆண்டுகளிலேயே வெளிப் பள்ளிகளை நாடின. மாணவர் சில வாரங்கள் ஒரு பள்ளியிலேயே இருந்து, காலை வழிபாட்டுக் கூட்டம் முதல் மாலை மணி வரை ஆசிரியர் செய்யும் எல்லா வேலைகளையும் செய்து பழகும் முறைக்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர். அதுவரை இந்தியக் கல்லூரிகளில் இருந்த ‘டீச்சிங் பிராக்டிஸ்’ வேறு வகை. பயிற்சி மாணவர் சார்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போவார். குறித்த பாடவேளையில் பாடம் நடத்துவார். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவார். பாடங்களின் எண்ணிக்கை நிறைந்தால் பயிற்சி நிறைந்தது.

மண்டலக் கல்லூரிகள் கொண்டுவந்தவற்றுள் மிகச் சிறந்தது எது என்று கேட்டால், இன்டர்ன்ஷிப்புக்கு முன்பு கூட்டப்பட்ட கலந்தாய்வைச் சொல்ல வேண்டும். மாணவர்களை ஏற்கும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களையும், வகுப்பில் அவர்களுக்குத் துணைநிற்கப்போகும் வழிகாட்டி ஆசிரியர்களையும் கல்லூரிக்கு அழைத்துப் பேராசிரியர்களோடு உட்கார வைப்பார்கள். எந்த வகுப்புகளைத் தருவது, பாடக்குறிப்பை யார் திருத்துவது, மதிப்பெண்ணில் பள்ளிக்கு எவ்வளவு பங்கு என்பவை அங்கே பேசி முடிவாகும். அதிகாரியின் கடிதத்தோடு திடீரென்று பதினைந்து பேர் வாசலில் வந்து நிற்பதற்கும், முன்பே பேசி வைத்துக்கொண்டு விருந்தாளியை எதிர்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு அது.

பள்ளிகளின் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு, தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. எந்தத் தலைமையாசிரியரும் அந்த வகுப்பைப் புதியவர் கையில் கொடுக்க மாட்டார். எட்டும் ஒன்பதும்தான் கிடைக்கும். பயிற்சி மாணவர்கள் போன பிறகு, விட்ட இடத்திலிருந்து பாடத்தைத் திரும்ப நடத்த வேண்டியிருக்கிறது என்பது வகுப்பாசிரியர்களின் நெடுநாள் குறை. மைசூரில் இதோடு தசரா விடுமுறையும் சேரும். பல்கலைக்கழகத்தின் செமஸ்டர் ஒரு நாட்காட்டியில் ஓடும். பள்ளியின் பருவம் இன்னொன்றில். இரண்டும் பொருந்தும் வாரங்கள் குறைவு.

மறுபுறம், ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பள்ளி பயிற்சி மாணவரைக் காலியிடம் நிரப்பும் ஆளாகவே பயன்படுத்திவிடுவதும் உண்டு. வழிகாட்டி ஆசிரியர் அந்த நேரத்தில் பக்கத்து வகுப்பைப் பார்க்கப் போய்விடுவார். பின்வரிசையில் யாரும் இல்லாத வகுப்பில் இளைஞர் தனியே கத்திக்கொண்டிருப்பார். பாடம் நடக்கும், பயிற்சி நடக்காது. தன் பிழையைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தால்தான் அந்த நாற்பது நிமிடம் அவருக்குக் கற்றுக்கொடுக்கும்.

மொழிச் சிக்கல்

மைசூரு நிறுவனத்துக்கென்றே ஒரு முடிச்சு உண்டு. அங்கே படிப்பு ஆங்கிலத்தில். மாணவர்கள் ஐந்து மாநிலங்களிலிருந்து வருகிறார்கள். சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளில் பெரும்பாலானவை கன்னட வழியில் நடப்பவை. தர்மபுரியிலிருந்தோ திருச்சூரிலிருந்தோ வந்த மாணவி அங்கே ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துவது எப்படி? ஆங்கில வழியில் நடக்கும் கேந்திரிய வித்யாலயா, நவோதயா வித்யாலயா போன்ற பள்ளிகளுக்கு மாணவர்களை அனுப்புவது இதற்கு ஒரு வழியாயிற்று. பல மாநிலப் பிள்ளைகளோடு பழகும் நன்மை அதில் உண்டு. ஆனால் கல்லூரியின் மதிலுக்கு வெளியே, நடக்கும் தூரத்தில் உள்ள கன்னடப் பள்ளி அந்தக் கணக்கில் வராமல் போகிறது. ஒரு தேசிய நிறுவனம் தன் ஊருக்கு அந்நியமாகிவிடும் ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

தீர்வுக்கான விதை அதே மானசகங்கோத்ரியில் இருக்கிறது. 1969-இல் மைசூரில் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் தென்மண்டல மொழி மையத்தில், வடமாநிலப் பள்ளி ஆசிரியர்கள் தங்கிப் பத்து மாதங்களில் தமிழோ கன்னடமோ மலையாளமோ தெலுங்கோ கற்கிறார்கள். வளர்ந்த ஆசிரியர் பத்து மாதத்தில் புதுமொழி கற்க முடிகிறதென்றால், நான்காண்டு தங்கிப் படிக்கும் இளைஞருக்கு வகுப்பறைக் கன்னடம் எட்டாக்கனி இல்லை.

பணியில் இருப்பவர்களுக்கு

பயிற்சி பெறாமலே வேலையில் சேர்ந்துவிட்ட ஆசிரியர்களுக்காக 1966 முதல் மண்டலக் கல்லூரிகள் கோடை விடுமுறையில் வகுப்பும் மற்ற மாதங்களில் அஞ்சல்வழிப் பாடமுமாக பி.எட். நடத்தின. வகுப்பை விட்டுவிட்டு வராமலே பட்டம் பெற அது வழிசெய்தது. இன்று தென்மாநிலக் கல்வித் துறைகள் தங்கள் தேவைகளைச் சொல்ல, நிறுவனம் பணியிடைப் பயிற்சிகளைத் திட்டமிடுகிறது. முதன்மைக் கருத்தாளர்கள் மைசூரில் பயிற்சி பெற்று, மாவட்டத்தில் சிலருக்குச் சொல்ல, அவர்கள் ஒன்றியத்தில் சொல்ல, கடைசியில் பள்ளி ஆசிரியரின் காதில் விழுகிறது. மேட்டில் ஊற்றிய நீர் கடைமடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எவ்வளவு வற்றும் என்பது காவிரிக் கரையாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால்தான் ஒரு வட்டாரத்தையே எடுத்துக்கொண்டு அங்குள்ள பள்ளிகளோடு நேரடியாகப் பணிபுரியும் திட்டத்தை என்.சி.இ.ஆர்.டி. தன் மண்டல நிறுவனங்களுக்கு வகுத்தது. மைசூரு நிறுவனத்துக்கு அமைந்தது ஹுன்சூர் வட்டாரம். 1986 கல்விக் கொள்கைக்குப் பின் மாவட்டந்தோறும் தோன்றிய ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம், மைசூரில் அரச குடும்பத்தின் பழைய மாளிகையான வசந்த மகாலில் இயங்குகிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களோடு அன்றாடத் தொடர்பு, மண்டல நிறுவனத்தைவிட அதற்கே அதிகம்.

கோட்டையில் பிறந்த நலி கலி

மைசூரு மாவட்டத்தின் வகுப்பறைகளை மெய்யாகவே மாற்றிய முயற்சி எந்தக் கல்லூரியிலும் பிறக்கவில்லை. 1995-இல் ஹெக்கடதேவனகோட்டைத் தாலூகாவின் அரசுப் பள்ளி ஆசிரியர்கள், யூனிசெஃப் துணையோடு, ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்குள்ள சிற்றூர்ப் பள்ளிகளில் பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அட்டைகளை எடுத்து, கற்றல் ஏணியில் தத்தம் படியில் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். ஊர் திரும்பியவர்கள் அதைக் கன்னடத்துக்கும் தங்கள் காட்டோரப் பிள்ளைகளுக்கும் ஏற்ப வடித்து, ‘நலி கலி’, அதாவது ஆடிப்பாடிக் கல் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் அது கர்நாடகம் முழுவதும் தொடக்க வகுப்புகளின் முறையாயிற்று. அதே ரிஷிவேலி ஊற்றிலிருந்து சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு 2003-இல் வந்ததுதான் தமிழ்நாட்டாருக்குப் பழக்கமான செயல்வழிக் கற்றல்.

கல்லூரிகள் இதிலிருந்து பெற வேண்டியது நிறைய உண்டு. ஒரே அறையில் மூன்று வகுப்புகளை நடத்தும் கலையை அறிந்தவர் கோட்டைத் தாலூகா ஆசிரியர். அவர் கல்லூரிக்கு வந்து பயிற்சி மாணவர்களுக்குப் பாடம் சொல்வதும் கூட்டுறவின் பாதி. பல்கலைக்கழக அறிவியலாளர்களும் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து பாடநூலையே எழுதிய முன்னுதாரணம் இந்தியாவில் இருக்கிறது: 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை நடந்த மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம். இங்கிலாந்தில் 1987-இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் தொடங்கிய இன்டர்ன்ஷிப் திட்டமும் பள்ளி ஆசிரியரைப் பயிற்சியில் சமபங்காளியாக வைத்தது.

விதிகளும் நடைமுறையும்

ஆசிரியர் கல்வியை ஆராய்ந்த நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2012-இல், ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்தோடும் ஆய்வுக்கூடம் போல ஒரு பள்ளி இணைந்திருக்க வேண்டும் என்றது. ஆசிரியர் கல்விக்கான 2014 விதிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கி, பள்ளியில் செலவிட 20 வாரங்களை ஒதுக்கின. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் ஆசிரியராக நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டமே குறைந்தபட்சத் தகுதி என்கிறது. நாடு இன்று புதிதாகப் பேசும் இந்தப் படிப்பை மைசூரு 1960-களிலிருந்தே நடத்தி வருகிறது.

இந்த விதிகள் மாணவரின் வாரங்களை எண்ணியிருக்கின்றன. வழிகாட்டி ஆசிரியரின் மணிநேரத்தை எண்ணவில்லை. பாடக்குறிப்பைத் திருத்தவும், பின்வரிசையில் உட்கார்ந்து கவனிக்கவும், மாலையில் பத்து நிமிடம் பேசவும் அவர் தன் சொந்த நேரத்தையே கொடுக்கிறார். இன்டர்ன்ஷிப் நடக்கும் மாதங்களில் அவருடைய கால அட்டவணையில் சில பாடவேளைகளைக் குறைத்து, அந்தப் பணியை அவருடைய பணிப்பதிவேட்டிலும் குறிக்க மாநிலக் கல்வித் துறைகள் ஆணையிட வேண்டும்.