ஹோம் ஃபென் ஸ்பிட்ஃபயரும் தொடாமல் காத்தலின் எல்லையும்

போரில் விழுந்து மண்ணுள் புதைந்த விமானங்களைத் தீண்டாமல் விடுவதே அவற்றைக் காக்கும் வழி என்னும் கருத்தின்மீது பிரிட்டனின் 1986ஆம் ஆண்டு இராணுவ எச்சங்கள் காப்புச் சட்டம் எழுப்பப்பட்டுள்ளது. படைப்பணியின்போது விழுந்த விமானம் எதுவாயினும் அதன் எச்சம் தனி அறிவிப்பின்றியே அச்சட்டத்தின் காப்புக்குள் வந்துவிடுகிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமமின்றி அதனை அகழ்வதும் அகற்றுவதும் குற்றமாகும். 1970களில் எஞ்சின்களையும் கருவிகளையும் தேடி ஆர்வலர்கள் தென்கிழக்கு இங்கிலாந்தின் வயல்களைத் தோண்டியதையும், அக்குழிகள் சிலவற்றில் விமானிகளின் உடல் எச்சங்கள் வெளிப்பட்டதையும் எண்ணினால் இக்கடுமையின் நியாயம் விளங்கும். ஆயினும் மண் மாறாது என்று கொள்ளும் இடத்தில் இக்கருத்து தவறுகிறது.

கேம்பிரிட்ஜ்ஷையரின் ஹோம் ஃபென் என்னும் தாழ்நிலம் இதற்குச் சான்று. 1940 நவம்பர் 22 அன்று 266ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த எக்ஸ்4593 என்னும் ஸ்பிட்ஃபயர் போர் விமானம், பயிற்சிப் பறப்பின்போது அணியிலிருந்து விலகிப் பாய்ந்து, ஏறக்குறைய செங்குத்தாகத் தரையில் மோதியது. 20 வயது விமானி உயிர்வாயுக் கருவி பழுதுற்றதாலோ வேறு காரணத்தாலோ நினைவிழந்திருக்கக்கூடும் என அன்றைய விசாரணை கருதியது. அங்குள்ள மண் பீட் எனப்படும் சதுப்புக்கரி. நீர் தேங்கிக் காற்றுப் புகாத நிலையில் தாவரங்கள் முழுதும் மட்காமல் படிந்து உருவாவது. அதன் ஈரமே உலோகத்தையும் தோலையும் காத்து நின்றது. ஆனால் வடிகால் வெட்டப்பட்ட பீட் உலர்ந்து சுருங்கும். 1851 வாக்கில் தரைமட்டத்துக்குப் புதைக்கப்பட்ட இரும்புத் தூணின் உச்சி இன்று நிலத்துக்கு மேல் சுமார் 4 மீட்டர் உயரத்தில் நிற்பதை அங்குச் செல்பவர் எவரும் காணலாம். அவ்வாறு சுருங்கும் மண்ணில் எதையும் தொடாது விடுவது அதை மெல்ல அழியவிடுவதே.

2015 அக்டோபரில் அங்கு அகழ்வு நடந்தமைக்கு நேர்மாறான ஒரு காரணம் இருந்தது. ஈரநில மீட்புத் திட்டத்துக்காக நீர்மட்டம் உயர்த்தப்படவிருந்ததால், பின்னர் அவ்விடத்தை அணுக இயலாமற் போகும் நிலை ஏற்பட்டது. தொல்லியலாளர்கள் மெர்லின் எஞ்சினோடும் சுழல்விசிறியோடும் விமானியின் தோல் தலைக்கவசம், கைக்கடிகாரம், பெயரெழுத்துகள் பொறித்த சிகரெட் பெட்டி ஆகியவற்றையும் கண்டெடுத்தனர். விமானியின் உடல் 1940இலேயே மீட்கப்பட்டதாகப் பதிவு இருந்தும், அங்கே மேலும் மனித எச்சங்கள் கிடைத்தன. இவ்வகழ்வின் முக்கியமான பேறு இதுவே.

மனித எச்சங்கள் இருக்கக்கூடிய இடங்களுக்குப் பொதுவாக உரிமம் தரப்படுவதில்லை. அவற்றின் இருப்பையோ இன்மையையோ முடிவுசெய்யப் பழைய பதிவேடுகளே பெரிதும் துணையாகின்றன. செங்குத்தாக மோதிய விமானத்தைப் பொறுத்தவரை, போர்க்கால அவசரத்தில் எழுதப்பட்ட மீட்புக் குறிப்பு முழுமையானதன்று என்பதை ஹோம் ஃபென் மெய்ப்பித்துவிட்டது. ஆகவே பதிவேட்டின் சொல்லை மட்டும் நம்பாமல், அந்நிலத்தின் நீர்மட்டத்தையும் உழவின் ஆழத்தையும் ஆராய்ந்த பின்னரே உரிமம் பற்றி முடிவெடுக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒவ்வோர் அகழ்விலும் எலும்பியல் அறிந்த தொல்லியலாளர் முதல் நாள் தொட்டே குழியருகில் இருக்க வேண்டும்.