கொரியர்: குலமும் மொழியும்

கொரியர்: சீனத்துக்கும் ஜப்பானுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீபகற்பத்தின் மக்கள். இவர்களுடைய பூர்வீகத்தைக் குறித்து மொழி, புதைபொருள், மரபணு என்னும் மூவகைச் சான்றுகளும் ஆராயப்பட்டுள்ளனவெனினும், மூன்றும் ஒரே விடையைத் தருவனவல்ல. கொரிய மொழியை, ஜேஜுத் தீவின் பேச்சோடு சேர்த்து, பிற மொழிகளுடன் உறவு நிறுவப்படாத ஒரு சிறு தனிக்குடும்பமாகவே பெரும்பாலார் இன்று வகுக்கின்றனர்.

மிகப் பழைய செய்திகள் சீனரிடமிருந்து வருகின்றன. 3ஆம் நூற்றாண்டில் சென் ஷோ இயற்றிய மூவரசுச் சரித்திரம், வடக்கே புயோ, கோகுர்யோ, ஒக்ஜோ ஆகிய மக்களின் பேச்சு ஏறக்குறைய ஒத்திருந்ததென்றும், அவர்களுக்கு அப்பால் வாழ்ந்த யிலோ மக்களின் பேச்சு வேறென்றும் கூறுகிறது. தெற்கே ஜின்ஹான், பியோன்ஹான் என்னும் இரு கூட்டத்தாரின் பாஷை ஒத்ததென்று அந்நூல் சொல்ல, 5ஆம் நூற்றாண்டில் எழுந்த பிற்கால ஹான் சரித்திரமோ அது வேறுபட்டதென்கிறது. இவற்றுள் எதனை ஏற்பது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த அபிப்பிராயமில்லை. பேக்ஜே நாட்டு மன்னனைப் பிரபுக்கள் 'ஒராஹா' என்றும், குடிகள் 'கொன்கில்ஜி' என்றும் அழைத்தனர் என மற்றொரு சீன நூல் குறிப்பதைக்கொண்டு, அங்கே ஆள்வோரும் ஆளப்படுவோரும் வெவ்வேறு மொழியினராக இருந்திருக்கலாமென்று சிலர் கருதுவர்.

ஆராய்ச்சிக்கு மிகுதியான பொருள் தருவது, 1145இல் கிம் புசிக் தொகுத்து முடித்த 'சாம்குக் சாகி' என்னும் சரித்திரமாகும். 757இல் சில்லா அரசன் கியோங்தோக் தன் ராஜ்யத்துப் பிரிவுகளுக்குச் சீன முறையில் புதுப்பெயர் சூட்டியபோதே பழம்பெயர்கள் மறைந்தொழிந்திருக்கக் கூடும். ஆயினும் அந்நூலின் 37ஆம் பகுதி, கோகுர்யோவின் வசமிருந்த ஊர்கள் பலவற்றின் பெயரை, பொருளைக் காட்டும் சீன எழுத்துக்களில் ஒருமுறையும், ஒலியைக் காட்டும் சீன எழுத்துக்களில் மறுமுறையுமாக அருகருகே வைத்துக் காத்திருக்கிறது. 'ஐந்து பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும் ஊருக்கு, இக்காலக் கொரிய உச்சரிப்பின்படி, 'உச்சாதன்ஹோல்' என்பது மறுபெயர். 'உச்சா' ஐந்து, 'தன்' பள்ளத்தாக்கு, 'ஹோல்' மதில் சூழ்ந்த ஊர் என்று அதனைப் பிரித்தறியலாம். இவ்வாறே 'மூன்று கணவாய்' என்பதிலிருந்து மூன்றைக் குறிக்கும் 'மில்' என்பதும், 'ஏழடுக்கு' என்பதிலிருந்து ஏழைக் குறிக்கும் 'நானுன்' என்பதும், 'பத்துப் பள்ளத்தாக்கு' என்பதிலிருந்து பத்தைக் குறிக்கும் 'தொக்' என்பதும் கிடைக்கின்றன. மூன்று, ஐந்து, ஏழு, பத்து என்னும் இவ்வெண்களைக் கொரியர் இன்று செத், தாசோத், இல்கோப், யோல் என்பர். ஜப்பானியரின் பழஞ்சொற்களோ மி, இத்சு, நானா, தோ. பள்ளத்தாக்கும் அவர்களுக்குத் 'தானி'. போர்களும் பட்டாபிஷேகங்களும் நிரம்பிய ஐம்பது பகுதிகளுக்கிடையே, படிப்போர் புரட்டிக் கடந்துவிடும் இவ்வூர்ப்பட்டியலே மொழிநூலாருக்குப் பெருநிதியாயிற்று.

1916இல் ஷின்முரா இசுரு என்னும் ஜப்பானிய அறிஞர் இந்நான்கு எண்களின் ஒற்றுமையை எடுத்துக்காட்டினார். இச்சொற்கள் கோகுர்யோ மக்களின் சொந்த மொழியினவே என்பது ஒரு கட்சி. கோகுர்யோ, 475இல் பேக்ஜேயின் தலைநகரைக் கைப்பற்றி வசப்படுத்திய நடுநிலப் பிரதேசத்திலேயே இப்பெயர்கள் மலிந்திருப்பதால், அங்கே முன்பிருந்து வாழ்ந்த, ஜப்பானியருக்கு இனமான வேறொரு மக்களின் மொழி இது என்பது மறுகட்சி. சீன எழுத்துக்களின் அக்கால ஒலியை ஊகித்தே இரு கட்சியாரும் வாதிக்க வேண்டியிருப்பதால் விவகாரம் முடிந்தபாடில்லை.

ஜப்பானிய மொழியோடு கொரியத்தை 1879இல் ஆஸ்டன் என்னும் அறிஞர் விரிவாக ஒப்பிட்டார். ஃபின்லாந்து அறிஞர் ராம்ஸ்டெட் அதனைத் துருக்கியம், மங்கோலியம், துங்கூசியம் ஆகியவை அடங்கிய அல்தாயிக் குடும்பத்தில் சேர்த்தார். அக்குடும்பமே உண்மையில் உண்டா என்று பின்வந்தோர் ஐயுற்றனர். அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட், கொரியத்தைத் திராவிட மொழிகளுடன் ஒப்பிடும் இலக்கணமொன்றை 1905இல் வெளியிட்டார். இருசார் மொழிகளுக்கும் பொதுவாகிய, உருபு பெயருக்குப் பின் வருதலும், வினை வாக்கியத்தின் இறுதியில் நிற்றலும் மங்கோலியம் முதலிய மொழிகளிலும் காணப்படுதலால், அவை மட்டும் உறவுக்குப் பிரமாணமாகமாட்டா. 'அப்பா' என்னும் அழைப்பு கொரிய வீடுகளிலும் தமிழ் வீடுகளிலும் ஒலிப்பது தமிழர் செவிக்கு இனியதே. ஆனால் குழந்தை நாவில் எளிதிற் பிறக்கும் அத்தகைய சொற்கள், தொடர்பற்ற பல மொழிகளிலும் உள்ளன.

நெற்சாகுபடியும் அதனோடு குடிகளும் தீபகற்பத்தின் தென்பகுதியிலிருந்து ஜப்பானின் கியூஷூத் தீவுக்குச் சென்றமை புதைபொருளால் துணியப்பட்டது. காலம் மட்டும் சர்ச்சைக்குரியது.

மரபணு ஆராய்ச்சி அண்மையது. ரஷ்யாவின் கீழ்க்கோடியில், 'சாத்தான் வாயில்' எனப் பொருள்படும் பெயருடைய குகையில் கிடைத்த சுமார் 7,700 ஆண்டுப் பழைமையான எலும்புகள், அமூர் நதிப் பிரதேசத்து உல்ச்சி மக்களுக்கு மிக நெருங்கியவையென 2017இல் அறியப்பட்டது. தென்கொரியாவின் கிம்ஹேயில் அடக்கமான, கொரிய மூவரசுக் காலத்தார் எண்மரின் மரபணுவில், ஜப்பானின் தொல்குடியான ஜோமோன் மக்களின் கலப்பு ஆளுக்கு ஆள் வேறுபட்ட அளவில் காணப்பட்டதென 2022இல் வெளியாயிற்று. கொரியத்தையும் ஜப்பானியத்தையும் மேற்கு லியாவோ நதிக்கரைத் தினை உழவரோடு இணைக்கும் 2021ஆம் ஆண்டின் ஆய்வு கடும் மறுப்புக்கு உள்ளாகியிருக்கிறது.

ஜேஜுப் பேச்சு தனிமொழியா, கிளைமொழியா என்பதும் தீர்ந்ததன்று. அழிவின் விளிம்பிலுள்ளதென யுனெஸ்கோ அதனை 2010இல் குறித்தது. 1446இல் செஜோங் மன்னர் வெளியிட்ட எழுத்துமுறையில் ஒரே ஒரு புள்ளியாக வரையப்பட்ட உயிரொலி, தீபகற்பத்தில் வழக்கிழந்துபோக, அத்தீவின் முதியோர் பேச்சில் இன்றும் கேட்கப்படுகிறது.