மதவாச்சியில் வண்டி மாறி: யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழியே கண்டம் கடந்த பயணத்தின் தேய்வு

1957 ஏப்ரல் 15ஆம் திகதி இலண்டனிலிருந்து 20 பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. 'இந்தியாமான்' என்பது அதன் பெயர். நடத்தியவர் ஓஸ்வால்ட் ஜோசப் காரோ-ஃபிஷர். ஒருவழிக் கட்டணம் 85 பவுண். ஐரோப்பாவைக் கடந்து துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியாக யூன் 5ஆம் திகதி அது கல்கத்தாவை அடைந்தது. ஓகஸ்ட் 2ஆம் திகதி இலண்டனுக்குத் திரும்பியபோது, குறித்த நாளுக்கு 16 நாள் பிந்தியிருந்தது. அடுத்த இரு தசாப்தங்களில் அந்த வீதியில் பல நிறுவனங்கள் பஸ் விட்டன. 'அல்பேர்ட்' என்ற இரட்டைத்தட்டு பஸ் 1976 வரை இலண்டன், கல்கத்தா, சிட்னி என்று ஓடித் திரிந்தது. 1979இல் ஈரானில் புரட்சி வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. மலிவு விமானச் சீட்டும் சேர்ந்துகொள்ள, தரைவழிப் பயணம் முடிந்துபோனது.

வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு இது. மேற்கு முனையில் நின்று எழுதப்பட்டது என்பதால் கல்கத்தா, டெல்லி, காத்மண்டு ஆகிய இடங்களோடு அதில் வீதி முடிந்துவிடுகிறது. அதற்கும் தெற்கே அந்த வழிக்கு ஒரு வால் இருந்தது. இராமேசுவரம் தீவைத் தாண்டி, கடலில் ஏறக்குறைய 22 மைல் கடந்து, தலைமன்னாரில் கரையேறி, மதவாச்சியில் வண்டி மாறினால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை. இந்த முனையிலிருந்து பார்த்தால் 1979 முக்கியமான ஆண்டே அல்ல. இங்கே வழி அறுந்த ஆண்டுகள் வேறு: 1949, 1964, 1983. விமானம் வந்து தரைப் பயணத்தை விழுங்கியது என்ற விளக்கமும் இங்கே பொருந்தாது. கடவுச்சீட்டுச் சட்டமும் புயலும் போரும் காலி செய்த இடத்திலேயே விமானம் வந்து அமர்ந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1914 பெப்ரவரி 24ஆம் திகதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு, சென்னை எழும்பூரிலிருந்து கொழும்பு வரை ஒரே சீட்டில் போகும் ஏற்பாடு வந்தது. அதுவரை தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓர் இரவு முழுவதும் கப்பலில் ஆட வேண்டியிருந்தது. புதிய ஏற்பாட்டில் தனுஷ்கோடி இறங்குதுறை வரை ரயில் போகும். இறங்கினால் எதிரே கப்பல். அக்கரையில் தலைமன்னார் இறங்குதுறையில் இலங்கை ரயில் காத்து நிற்கும். 'கேர்சன்', 'எல்ஜின்', 'ஹார்டிஞ்' என்ற நீராவிக் கப்பல்கள் முதலில் ஓடின. 'இர்வின்', 'கோஷன்' பின்னர் வந்தன. சனங்களின் வாயில் இந்த முழு ஏற்பாட்டுக்கும் 'போட் மெயில்' என்று பெயர்.

ரயில் பெட்டிகளையே கப்பலில் ஏற்றி அக்கரையில் இறக்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. தென்னிந்திய ரயில்வே எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை மீற்றர் பாதையில் ஓடியது. இலங்கையின் தண்டவாளமோ 5 அடி 6 அங்குல அகலப் பாதை. ஒரே பேரரசின் கீழ் இருந்த இரு கரைகளிலும் இரு அளவுகள். ஆகவே பெட்டி படுக்கைகளைக் கூலியாள் தலையில் ஏற்றிக்கொண்டு பயணி நடந்தேதான் மாற வேண்டும்.

யாழ்ப்பாணத்தார் நிலை இன்னும் விசித்திரமானது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே சுமார் 60 கடல் மைல்தான். வேதாரணியக் கரை அதைவிடக் கிட்ட. வல்வெட்டித்துறை, ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை என்று குடாநாட்டின் கரை முழுவதும் பாய்மரத் தோணிகள் தலைமுறை தலைமுறையாக அக்கரை போய்வந்தன. சிதம்பரத்தில் யாழ்ப்பாணத்தார் மடங்கள் கட்டியதும், ஆறுமுக நாவலர் 1864இல் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியதும் இந்தக் கடல்வழி இருந்ததால்தான் இயன்றன. புகையிரதம் வந்தபின் 'முறையான' பயணி முதலில் எதிர்த்திசையில், தெற்கே நூறு மைலளவு மதவாச்சிக்குப் போய், அங்கே வண்டி மாறி, வடமேற்கே இன்னும் நூறு கிலோமீற்றருக்கு மேல் திரும்பித் தலைமன்னாரை அடைந்தார். வடக்குப் பாதை கொழும்புக்காகப் போடப்பட்டது. 1905இல் காங்கேசன்துறை வரை முழுதாக இணைந்த அந்தப் பாதையின் கணக்கில், குடாநாட்டுக்குக் கண்ணெட்டும் தூரத்து அயல் இந்தியா என்ற எண்ணமே இல்லை. இந்தச் சுற்றுவழியை வளர்ச்சி என்று மட்டும் எழுதிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

   

போட் மெயில் எல்லோருக்கும் தடையற்ற வழியாக இருந்ததில்லை என்பதையும் குறித்தாக வேண்டும். பாம்பனுக்கு இந்தியப் பெருநிலப் பக்கத்தில் மண்டபம் முகாமை இலங்கை அரசே நடத்தியது. தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர் அங்கே தடுத்து வைக்கப்பட்டு, மருத்துவச் சோதனை முடிந்த பிறகே கப்பலேற்றப்பட்டனர். மேல்வகுப்புப் பயணி ரயிலிலிருந்து கப்பலுக்கு நடந்து போன அதே நாட்களில், அதே வழியில், இன்னொருவர் முகாம் வேலிக்குள் காத்திருந்தார். இந்த முகாம் பிறகு எடுத்த பிறவிகளைப் பார்த்தாலே வழியின் கதை தெரியும். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திருப்பியனுப்பப்பட்ட மலையகத் தமிழர் இராமேசுவரத்தில் இறங்கி மண்டபம் வந்தனர். 1983க்குப் பின் வடக்கிலிருந்து படகேறிய அகதிகளும் மண்டபத்துக்கே வந்தனர். ஒரே இடம் கூலியாளையும் நாடற்றவரையும் அகதியையும் வரிசையாகக் கண்டது.

முதல் அறுப்பு சட்டத்தால் நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949இல் நடைமுறைக்கு வந்தபோது, அதுவரை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்த கரைக்குக் கடவுச்சீட்டும் விசாவும் தேவைப்பட்டன. 1952இல் 'ஒபரேஷன் மொன்ரி' என்ற பெயரில் இலங்கை இராணுவம் வடகரையில் காவலுக்கு இறங்கியது. 1963இல் அது சட்டவிரோதக் குடிவரவுத் தடுப்புப் படையணியாக மாறியது. தோணியில் வந்தவர் 'கள்ளத்தோணி' ஆனார். குடாநாட்டுக்கும் இந்தியாவுக்குமிடையில் நேர்வழி குற்றமாகி, மதவாச்சி சுற்றிப் போகும் வழி மட்டுமே சட்டப்படி மிஞ்சியது. 1957இல் இந்தியாமான் புறப்பட்டபோது, யாழ்ப்பாண முனை ஏற்கெனவே பாதி மூடியிருந்தது.

இரண்டாவது அறுப்பு 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு. புயலலை பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை அடித்துப்போக, அதிலிருந்த நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தனுஷ்கோடி ஊரும் இறங்குதுறையும் அழிந்தன. கப்பல் சேவை இராமேசுவரத்துக்கு மாற்றப்பட்டுத் தொடர்ந்தது. பிற்காலத்தில் அதில் ஓடிய 'இராமானுஜம்' கப்பலை இன்றும் மூத்தோர் பெயர் சொல்லிக் குறிப்பிடுவார்கள். ஆனால் ரயிலும் கப்பலும் தோளோடு தோள் நின்ற அந்தப் பழைய ஒழுங்கு திரும்பவில்லை.

விமானத்தின் காலவரிசையை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். எயார் சிலோனின் முதற்பறப்பு 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடந்தது. இறங்கிய இடம் பலாலி. அதாவது விமானமும் கப்பலும் முப்பது ஆண்டுக்கு மேல் அருகருகே ஓடின. வசதியுள்ளவர் பலாலியில் ஏறினார். மற்றவர் தலைமன்னாருக்குப் போனார். விமானம் வந்தால் தரைவழி சாகும் என்ற விதி உண்மையானால், போட் மெயில் 1950களிலேயே நின்றிருக்க வேண்டும்.

1970களின் முற்பகுதியில் இந்த வழி உலக வரைபடத்தில் வேறொரு அர்த்தம் பெற்றது. இலண்டனிலும் அம்ஸ்ரடாமிலும் பஸ் ஏறிய வெள்ளைக்கார இளைஞர்கள் இந்தியாவைக் குறுக்கே கடந்து, இராமேசுவரத்தில் கப்பலேறி, ஹிக்கடுவைக் கடற்கரைக்குப் போனார்கள். எதிர்த்திசையில் ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர் அதே வழியில் போக விரும்பினால் என்ன வேண்டும்? யாழ்ப்பாணம், மதவாச்சி, தலைமன்னார், இராமேசுவரம், சென்னை, டெல்லி, அமிர்தசரஸ், லாகூர், பெஷாவர், காபூல், மஷ்ஹத், தெஹ்ரான், இஸ்தான்புல்: வழி என்னவோ தொடர்ந்தே இருந்தது. ஆனால் இந்திய-பாகிஸ்தான் எல்லை 1965, 1971 போர்களில் அடைபட்டது. சிறிமாவோ அரசின் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கையில் காசு கொண்டுபோக விடவில்லை. இலண்டன்காரருக்குச் சாகசமாக இருந்த அதே வீதியில் இவருக்கு ஒவ்வோர் எல்லையும் ஒரு விண்ணப்பப் படிவம். தரைவழிப் பயணத்தின் பொற்காலம் என்று பேசுவோர், அது எந்தக் கடவுச்சீட்டுக்குப் பொற்காலம் என்று சேர்த்துச் சொல்வதில்லை.

மூன்றாவது அறுப்பு போரால் நேர்ந்தது. 1983 யூலைக் கலவரத்துக்குப் பின் தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1990 யூனில், 1956இலிருந்து ஓடிய யாழ்தேவி ரயிலும் நின்றது. கண்டி வீதி ஆனையிறவில் அடைபட, குடாநாட்டிலிருந்து வவுனியாவுக்கு வருவதே கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடக்கும் பயணமாயிற்று. கண்டம் கடந்த வழியைப் பற்றிப் பேச அங்கே எதுவும் மிஞ்சவில்லை. 2002 ஏப்ரல் 8ஆம் திகதி திறந்த அந்தக் கண்டி வீதி (ஏ9), 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி மீண்டும் மூடியது. நிரந்தரமாகத் திறந்தது போர் முடிந்த பிறகே.

ஆனால் பெருந்தொகையான யாழ்ப்பாணத்தார் ஐரோப்பாவுக்குப் போனது இதே காலத்தில்தான். 1980களின் முற்பாதியில் பலர் சோவியத் விமானத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் நுழைந்து அடைக்கலம் கேட்டனர். எல்லைக்கு மேற்கே மேற்கு பேர்லின் விசா கேட்காததால் அந்த ஓட்டை இருந்தது. 1985, 1986இல் கிழக்கு ஜேர்மனி அதைப் படிப்படியாக அடைத்தது. பத்துப் பன்னிரண்டு நாடுகளைத் தரையில் கடந்த பழைய பயணத்தில் இவர்களுக்குக் கிடைத்த தரைப்பகுதி, சில நிலையங்கள் நீளமான ஒரு நகர ரயில் ஓட்டம் மட்டுமே.

இன்று குடாநாட்டில் வெளிநாட்டுப் பயணத்தோடு தொடர்புடைய தரை ஊர்தி, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வானும் கொழும்பு இரவு பஸ்ஸும். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில்தான் திரும்பியது. காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்குமிடையில் 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி 'செரியபாணி' என்ற பயணிகள் கப்பல் வந்தது, சில நாளில் நின்றது. 2024 ஓகஸ்டில் 'சிவகங்கை' வந்தது, மாரிக்கு நின்று மறுபடி ஓடியது. 1949இல் குற்றமாக்கப்பட்ட நேர்வழி எழுபது ஆண்டுக்கு மேல் கழித்துச் சட்டப்படி மீண்டிருக்கிறது. நான் இதைச் சிறிய விடயமாக எண்ணவில்லை. ஆயினும் சிவகங்கை ஆட்களையும் அவர்தம் பொதிகளையும் மட்டும் ஏற்றுகிறது. பஸ்ஸோ லொறியோ அதில் ஏற வழியில்லை.

பழைய வழியில் நடந்ததுதான் வேடிக்கை. தலைமன்னார் இறங்குதுறை வரை தண்டவாளம் 2015 மார்ச்சில் புதிதாகத் திறக்கப்பட்டது. அக்கரையில் இராமேசுவரம் பாதை 2007இல் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல் ஓடிய ஏறக்குறைய எழுபது ஆண்டும் ஒத்துப்போகாத இரு தண்டவாளங்கள் இப்போது ஒரே அளவில், 5 அடி 6 அங்குலத்தில், கிடக்கின்றன. 2023 யூலையில் இரு அரசுகளும் தரைவழி இணைப்புக்குச் சாத்திய ஆய்வு செய்ய ஒத்துக்கொண்டன. அந்த ஆய்வு பாலத்தைப் பற்றியது. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் ஓட இன்னும் ஒரு கப்பலும் இல்லை.